செவ்வாய்க்கு வழி வகுத்த சமணச் செல்வர்: டாக்டர் விக்ரம் சாராபாய்

2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் காலை, செவ்வாய்க் கோளைச் சுற்றும் பாதையில் இந்தியாவின் மங்கள்யான் விண்கலம் நுழைந்தது. ஆசிய நாடுகளுள் இச்செயலை முதலில் செய்து முடித்தது இந்தியாவே. முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையை எட்டிய நாடு என்னும் பெருமையும் அன்று கிட்டியது. அவ்வெற்றியைக் கொண்டாடிய பலர், ஏறத்தாழ நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட ஒருவரை நன்றியுடன் நினைவுகூர்ந்தனர். அவரே இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் விக்ரம் அம்பாலால் சாராபாய்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. நிலவுக்கும் கோள்களுக்கும் செல்லும் பந்தயத்தில் செல்வ நாடுகளோடு போட்டியிடும் கனவு இந்தியாவுக்கு இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தவர் அவர். அவ்வாறு சொன்னவர் அமைத்த வழியிலேயே நடந்து இந்தியா செவ்வாயை அடைந்தது எவ்வாறு? அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும்.

பிறந்த குடி

1919-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள், அகமதாபாத் நகரில் அம்பாலால் சாராபாய், சரளாதேவி தம்பதியரின் எட்டு மக்களுள் ஒருவராக விக்ரம் பிறந்தார். குஜராத்தின் பெயர் பெற்ற சமண வணிகக் குடும்பங்களுள் அதுவும் ஒன்று. காலிகோ துணி ஆலை அக்குடும்பத்திற்கு உரியது. செல்வத்திற்குக் குறைவில்லாத அவ்வில்லத்தில், செல்வம் என்பது பொறுப்பு என்ற எண்ணமும் வேரூன்றியிருந்தது.

காந்தியடிகள் அகமதாபாத்தில் தம் ஆசிரமத்தைத் தொடங்கிய காலத்தில், தீண்டாமைக்கு ஆளான ஒரு குடும்பத்தை அங்கே சேர்த்துக்கொண்டார். அதனால் நன்கொடையாளர் பலர் விலகினர். ஆசிரமத்தின் கையிருப்பு தீரும் நிலை வந்தது. அப்போது ஒரு செல்வர் காரில் வந்து, தம் பெயரை வெளியிடாமல் 13,000 ரூபாய் அளித்துச் சென்றார். அவர் அம்பாலாலே என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். அதே அம்பாலால், 1918-இல் துணி ஆலைத் தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்டுப் போராடியபோது ஆலை முதலாளிகளின் பக்கத்தில் நின்றார். தொழிலாளரின் பக்கத்தில் தலைமையேற்று நின்றவர் அவருடைய உடன்பிறந்த அக்கா அனசூயா. காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்ட பின்னரே அப்போராட்டம் முடிவுக்கு வந்தது. அக்காவும் தம்பியும் எதிரெதிர் அணியில் நின்றபோதும் அவர்களுக்கிடையே அன்பு முறியவில்லை. இத்தகைய வீட்டில் விக்ரம் வளர்ந்தார். ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்தும் பார்க்கலாம், பார்வை வேறுபட்டாலும் பகை கொள்ளத் தேவையில்லை என்னும் பாடத்தை அவருக்கு முதலில் கற்பித்தது அவ்வீடே எனலாம்.

சரளாதேவி தம் குழந்தைகளுக்காக வீட்டு வளாகத்திலேயே மாண்டிசோரி முறையில் ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். அவர்களுடைய இல்லத்திற்குக் காந்தியடிகள், இரவீந்திரநாத் தாகூர், சர் சி. வி. இராமன் போன்றோர் வருகை தந்தனர். சிறுவன் விக்ரமுக்கு இயந்திரங்களின் மீதும் இயற்பியலின் மீதும் நாட்டம் பிறந்தது.

அண்டக்கதிர்களின் மாணவர்

கல்லூரிப் படிப்புக்குப் பின் விக்ரம் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பிய அவர், பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. இராமனின் மேற்பார்வையில் அண்டக்கதிர் ஆய்வைத் தொடங்கினார். அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை 1942-இல் வெளிவந்தது.

அண்டக்கதிர்கள் என்பவை விண்வெளியின் ஆழத்திலிருந்து பேராற்றலுடன் வந்து பூமியின் காற்றுமண்டலத்தில் மோதும் நுண்துகள்கள். அவற்றின் அளவு எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. பகலிலும் இரவிலும், பருவத்திற்குப் பருவம், சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளிலும் அடங்கியிருக்கும் ஆண்டுகளிலும் அது சிறிது சிறிதாக மாறும். பிறர் இம்மாற்றங்களை அளவீட்டின் இடையூறாகக் கருதியபோது, விக்ரம் அவற்றையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட வெளி வெற்றிடமாக இருந்தால் இத்தகைய மாற்றங்கள் தோன்றக் காரணமில்லை. எனவே இம்மாற்றங்களை ஆண்டுக்கணக்கில் பொறுமையாக அளந்து வந்தால், எவரும் சென்று பார்க்க இயலாத அவ்வெளியின் இயல்பைத் தரையில் இருந்தபடியே அறியலாம் என்பது அவர் கொண்ட நம்பிக்கை. கோள்களுக்கு விண்கலம் அனுப்பும் காலம் வருவதற்கு முன்பே, கோள்களுக்கு இடைப்பட்ட வெளியை அவர் இவ்வாறு ஆராயத் தொடங்கிவிட்டார்.

பெங்களூரில் வாழ்ந்த அந்நாட்களில், பரத நாட்டியக் கலைஞரான மிருணாளினியை அவர் சந்தித்தார். சென்னையின் பெயர்பெற்ற வழக்கறிஞர் டாக்டர் சுப்பராம சுவாமிநாதனுக்கும் விடுதலைப் போராட்ட வீராங்கனை அம்மு சுவாமிநாதனுக்கும் மகளாகப் பிறந்தவர் மிருணாளினி. நேதாஜியின் படையில் பணியாற்றிய கேப்டன் லட்சுமி இவருடைய மூத்த சகோதரி. 1942-இல் சென்னையில் திருமணம் நிகழ்ந்தது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தால் நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த வேளை அது. ஆகவே மணமகன் வீட்டார் எவரும் திருமணத்தில் கலந்துகொள்ள இயலவில்லை. பிற்காலத்தில் அகமதாபாத்தில் தம்பதியர் இணைந்து தர்ப்பணா என்னும் கலைக்கழகத்தை நிறுவினர்.

போர் முடிந்ததும் விக்ரம் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, வெப்பமண்டலப் பகுதிகளில் அண்டக்கதிர்கள் பற்றிய ஆய்வுக்காக 1947-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

நிறுவனங்களை வளர்த்தவர்

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில், இருபத்தெட்டு வயதே நிரம்பிய விக்ரம் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அதன் முதல் இயக்குநராகத் தம்மை அமர்த்திக்கொள்ளாமல், வளிமண்டல அறிவியலில் முதிர்ந்த அறிஞரான கே. ஆர். இராமநாதனை அழைத்துவந்து அப்பொறுப்பில் அமர்த்தினார். அகமதாபாத், கொடைக்கானல், திருவனந்தபுரம், காஷ்மீரின் குல்மார்க் ஆகிய இடங்களில் அண்டக்கதிர்களை அளக்கும் நிலையங்கள் உருவாயின.

அதே ஆண்டில் நெசவாலைத் தொழிலுக்கான ஆய்வுச் சங்கமும் அவர் முயற்சியால் தோன்றியது. 1961-இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் அமையவும் அவர் முன்னின்று உழைத்தார். குடும்பத்தின் மருந்துத் தொழிலையும் கவனித்தார். ஒரே மனிதர் இத்தனை துறைகளில் கால் பதித்தாலும், எல்லாவற்றிலும் அவர் கையாண்ட முறை ஒன்றே. தக்க இளைஞரைத் தேர்ந்தெடுப்பார். அவர் அளவுக்கு மீறியது என்று பிறர் எண்ணக்கூடிய பொறுப்பை அவரிடம் ஒப்படைப்பார். பின்னர் அவரை நம்புவார்.

அவ்வாறு வளர்ந்தவர்களுள் ஒருவர் யு. ஆர். இராவ். கர்நாடகத்தின் உடுப்பிப் பகுதியைச் சேர்ந்த இவர், சாராபாயின் வழிகாட்டுதலில் அண்டக்கதிர் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். 1962-இல் வெள்ளிக் கோளை நெருங்கிச் சென்ற மாரினர்-2 விண்கலம் அனுப்பிய தரவுகளை அங்கே ஆராய்ந்தார். சூரியனிலிருந்து மின்னூட்டம் கொண்ட துகள்கள் காற்றைப் போல் இடைவிடாது வீசிக்கொண்டே இருக்கின்றன என்பதை நிறுவியவர்களுள் இராவும் ஒருவர். ஆசிரியர் தரையிலிருந்து ஊகித்த வெளியை மாணவர் விண்கலத்தின் துணையால் நேரடியாக அளந்தார். அமெரிக்காவில் ஒளிமயமான எதிர்காலம் காத்திருந்தும் இராவ் தாயகம் திரும்பி ஆசிரியரின் பணியில் இணைந்தார். இந்த ஆசிரியர், மாணவர் தொடர்பு பின்னாளில் செவ்வாய் வரை நீண்டது.

தும்பாவில் ஏறிய முதல் ராக்கெட்

1962-இல் இந்திய விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டது. அணுசக்தித் துறையின் தலைவர் டாக்டர் ஹோமி பாபாவின் ஆதரவுடன் சாராபாய் அதன் தலைவரானார். ராக்கெட் ஏவுவதற்குக் கேரளக் கடற்கரையில் உள்ள தும்பா என்னும் மீனவச் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு அறிவியல் காரணம் இருந்தது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூருக்கு மிக அருகே செல்கிறது. அக்கோட்டின் மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் பகல் முழுதும் பாய்கிறது. பலூன்களால் அவ்வுயரத்தை எட்ட முடியாது. செயற்கைக்கோள்களோ அதற்கு மேலே பறப்பவை. ராக்கெட் ஒன்றினால் மட்டுமே அவ்விடத்தை ஊடுருவி அளக்க இயலும்.

தேர்ந்தெடுத்த நிலத்தில் புனித மகதலேனா மரியாள் தேவாலயமும் ஆயரின் இல்லமும் இருந்தன. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவை நேரில் கண்டு தம் நோக்கத்தை விளக்கினார். ஆயர் அதைத் தம் மக்களிடம் எடுத்துரைத்து அவர்களுடைய இசைவைப் பெற்றுத் தந்தார். தேவாலயம் ஆய்வாளர்களின் பணிக்கூடமாயிற்று. ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் சென்ற காட்சி அந்நாளின் எளிமைக்குச் சான்றாக இன்றும் நினைவுகூரப்படுகிறது.

1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலை, அமெரிக்காவிலிருந்து பெறப்பட்ட நைக்கி-அப்பாச்சி என்னும் ராக்கெட் சோடியம் ஆவியைத் தாங்கி மேலெழுந்தது. அதன் பாகங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பையும் பாதுகாப்புப் பொறுப்பையும் ஏற்றிருந்தவர் இராமேசுவரத்தில் பிறந்த ஏ. பி. ஜே. அப்துல் கலாம். பளு தூக்கி இடையில் பழுதடைந்தபோது, உடனிருந்தோர் தம் கைவலிமையாலேயே ராக்கெட்டை ஏவுமேடையில் நிலைநிறுத்தினர். அந்தி வானில் பரவிய ஆரஞ்சு நிற ஆவியின் நகர்வைக் கொண்டு, மேல்வளிமண்டலக் காற்றின் போக்கு கணிக்கப்பட்டது.

ஏழை நாட்டிற்கு விண்வெளி எதற்கு?

உணவுக்கே அயல்நாட்டுக் கோதுமையை எதிர்நோக்கியிருந்த காலம் அது. அத்தகைய நாட்டிற்கு ராக்கெட் எதற்கு என்ற கேள்வி நாட்டின் உள்ளும் புறமும் எழுந்தது. சாராபாய் அக்கேள்வியை ஒதுக்கவில்லை. அதற்கு விடையளிப்பதையே தம் பணியின் அளவுகோலாகக் கொண்டார். மனிதரை விண்ணுக்கு அனுப்புவதிலும் கோள்களை எட்டுவதிலும் பிற நாடுகளோடு பந்தயம் ஓடுவது நோக்கமன்று. மக்களின் உண்மையான இடர்களைத் தீர்ப்பதற்கு உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் எவருக்கும் பின்தங்கக் கூடாது என்பதே நோக்கம். இதுவே அவர் தந்த விடையின் சாரம்.

வானிலையை முன்கூட்டி அறிதல், சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வியைக் கொண்டு சேர்த்தல், நிலவளத்தையும் நீர்வளத்தையும் விண்ணிலிருந்து கணக்கிடுதல் ஆகியவற்றை அவர் திட்டமிட்டார். அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் இந்தியச் சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்ப 1969-இல் நாசாவுடன் உடன்பாடு கண்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ பிறந்தது.

இதற்கிடையே 1966-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தார். அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயின் தோளில் ஏறியது. அணு ஆயுதத்தால் நாட்டிற்கு உண்மையான பாதுகாப்புக் கிட்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருந்தது. அவ்வையத்தை அவர் மறைக்கவில்லை. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணு உலை ஆய்வு மையம் தோன்றியதும், பழவேற்காடு ஏரியை அடுத்த ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் உருவானதும் அவருடைய தலைமைக் காலத்திலேயே. 1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் சிறு ராக்கெட் பறந்தது.

செவ்வாயைப் புழுதி மூடிய நாட்கள்

அவ்வாண்டின் இறுதி மாதங்களில் உலக அறிவியலாளரின் கவனம் செவ்வாயின் மீது குவிந்திருந்தது. அதற்கு முன் செவ்வாய்க்குச் சென்று வென்ற விண்கலங்கள் யாவும் அதன் அருகே விரைந்து கடந்து சென்றவையே. 1965-இல் கடந்து சென்ற மாரினர்-4, இருபத்திரண்டு படங்களை மட்டுமே எடுத்தது. அப்படங்களில் நிலவைப் போன்ற பள்ளங்களே தெரிந்தன. செவ்வாய் உயிரற்ற, மாற்றமற்ற பாறைக் கோளம் என்று பலரும் முடிவு கட்டினர். வழிப்போக்கன் ஒருவன் ஊரின் ஒரு தெருவை மட்டும் கண்டு ஊர் முழுவதையும் மதிப்பிட்டது போன்றது அது.

1971 நவம்பர் 14-ஆம் நாள், அமெரிக்காவின் மாரினர்-9 செவ்வாயைச் சுற்றும் பாதையில் நுழைந்தது. பூமியைத் தவிர வேறொரு கோளைச் சுற்றிவந்த முதல் விண்கலம் இதுவே. ஆனால் அது சென்றடைந்த நேரத்தில் பெரும் புழுதிப் புயல் ஒன்று கோள் முழுவதையும் மூடியிருந்தது. அடுத்த சில நாட்களில் சோவியத் நாட்டின் இரண்டு விண்கலங்களும் வந்து சேர்ந்தன. முன்னரே வகுத்த கட்டளைப்படி அவை தம் இறங்குகலங்களைப் புயலுக்குள்ளேயே இறக்கின. ஒன்று மோதி அழிந்தது. மற்றொன்று தரையிறங்கிய சில நொடிகளில் மௌனமாயிற்று. மாரினர்-9-இன் கட்டளைகளை மட்டும் பூமியிலிருந்து மாற்றியமைக்க முடிந்தது. ஆகவே அது சுற்றியபடியே காத்திருந்தது.

1972 தொடக்கத்தில் புழுதி படிந்தது. முன்பு மங்கலான கரும்புள்ளிகளாகத் தெரிந்தவை மாபெரும் எரிமலைகளின் உச்சிகள் என்று புலனாயிற்று. அவற்றுள் ஒலிம்பஸ் எரிமலை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உயரமுடையது. நாலாயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள பெரும் பள்ளத்தாக்கும், என்றோ நீர் ஓடிய வறண்ட ஆற்றுத் தடங்களும் வெளிப்பட்டன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் செவ்வாயைப் பற்றிய பழைய முடிவை மாற்றின. ஒரு கோளை அறிய அதைக் கடந்து செல்வது போதாது, அதைச் சுற்றிவந்து நெடுநாள் நோக்க வேண்டும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது.

அப்புழுதி அடங்குவதற்குள் சாராபாயின் வாழ்க்கை முடிந்துவிட்டது. 1971 டிசம்பர் இறுதியில் அவர் தும்பாவுக்கு வந்து பணிகளைப் பார்வையிட்டார். 30-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் தாம் தங்கியிருந்த விடுதியில் மாரடைப்பால் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சிறிது நேரத்திற்கு முன் அவரோடு தொலைபேசியில் உரையாடியிருந்த அப்துல் கலாம், டில்லியிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியபோது அச்செய்தியைக் கேட்டு நிலைகுலைந்தார். இந்தியாவின் முதல் செயற்கைக்கோளையோ, சொந்தமாக உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் ஏவூர்தியையோ சாராபாய் காணவில்லை.

விதை மரமானது

அவர் நம்பிய இளைஞர்கள் பணியை நிறுத்தவில்லை. 1975-இல் யு. ஆர். இராவின் தலைமையில் ஆரியபட்டா செயற்கைக்கோள் விண்ணேறியது. அவ்வாண்டே சாராபாய் திட்டமிட்ட கல்வி ஒளிபரப்பு சிற்றூர்களை எட்டியது. 1980-இல் கலாமின் தலைமையில் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. பின்னர், பயிரையும் நீரையும் காட்டையும் கணக்கிடும் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களைச் சுமப்பதற்காகவே பி.எஸ்.எல்.வி. ஏவூர்தி உருவாக்கப்பட்டது.

உழவர்க்காகவும் மீனவர்க்காகவும் பிறந்த அதே பி.எஸ்.எல்.வி., 2013 நவம்பர் 5-ஆம் நாள் தன் இருபத்தைந்தாவது பயணத்தில் மங்கள்யானைச் சுமந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. செவ்வாய்க்கென்று புதிய ஏவூர்தி எதுவும் செய்யப்படவில்லை. கலத்தை நேரே செவ்வாய்க்கு எறியும் வலிமை பி.எஸ்.எல்.வி.க்கு இல்லை. ஆகையால் மங்கள்யான் பூமியையே பலமுறை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் தன் எஞ்சினை இயக்கிப் பாதையைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டது. ஒருமுறை எஞ்சின் எதிர்பார்த்த உந்துதலைத் தரவில்லை. ஒரு இலட்சம் கிலோமீட்டரை எட்ட வேண்டிய பாதை ஏறத்தாழ 78,000 கிலோமீட்டரில் நின்றது. மறுநாளே அக்குறை சரிசெய்யப்பட்டது. டிசம்பர் 1-ஆம் நாள் கலம் பூமியின் பிடியிலிருந்து விடுபட்டது.

ஏறத்தாழ முந்நூறு நாட்கள் உறங்கிக் கிடந்த முதன்மை எஞ்சின், செவ்வாயை நெருங்கியதும் இருபத்துநான்கு நிமிடங்கள் இயங்கிக் கலத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. குறைக்கத் தவறினால் கலம் கோளைக் கடந்து சென்றுவிடும். பூமிக்கும் கலத்துக்கும் இடையே வானொலிச் சைகை செல்லவே பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும். எனவே கலம் முன்னரே பெற்ற கட்டளைகளைக் கொண்டு தானாகவே செயல்பட்டது. எஞ்சின் இயங்கிய நேரத்தின் ஒரு பகுதியில் அது செவ்வாயின் பின்னால் மறைந்தும் இருந்தது. மறைவிலிருந்து வெளிவந்த கலத்தின் சைகை கிடைத்த பிறகே வெற்றி உறுதியாயிற்று. இத்திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றிய சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவர்; இதில் முக்கியப் பொறுப்பு வகித்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்தவர். அறிவியல் நோக்கங்களை வகுப்பதில் வழிகாட்டிய குழுவின் தலைவர், சாராபாயின் மாணவரான அதே யு. ஆர். இராவ்.

மங்கள்யான் சுமந்து சென்ற அறிவியல் கருவிகள் ஐந்து. அவற்றின் மொத்த எடை ஏறத்தாழ பதினைந்து கிலோகிராம் மட்டுமே. வண்ணக் கேமராவும் மேலும் இரண்டு கருவிகளும் சாராபாய் பிறந்த அகமதாபாத்தில் உருவாயின. செவ்வாயின் புறவளி மண்டலத் துகள்களைப் பகுத்தறியும் மென்கா என்னும் கருவியை உருவாக்கியது, தும்பாவில் வளர்ந்த விண்வெளி இயற்பியல் ஆய்வகம். சோடியம் ஆவியால் பூமியின் மேல்வளியை அளக்கத் தொடங்கிய இடத்திலிருந்தே செவ்வாயின் மேல்வளியை அளக்கும் கருவி புறப்பட்டது.

கலத்தின் பாதை நீண்ட முட்டை வடிவமானது. கோளுக்கு ஏறத்தாழ 420 கிலோமீட்டர் அருகிலும் வரும், 77,000 கிலோமீட்டர் தொலைவுக்கும் செல்லும். தொலைவில் நின்றபோது செவ்வாயின் முழு வட்டத்தையும் கேமரா ஒரே படத்தில் பதிந்தது; செவ்வாயின் சிறு நிலவான டீமோசின் மறுபக்கத்தையும் படம் பிடித்தது. செவ்வாயின் மாலைப்பொழுதில், ஏறத்தாழ 270 கிலோமீட்டர் உயரத்திற்கு மேலே கரியமில வாயுவை விட ஆக்சிஜன் அணுக்களே மிகுந்துள்ளன என்பதை மென்கா காட்டியது. ஒரு காலத்தில் ஆறுகள் ஓடிய கோளிலிருந்து காற்றும் நீரும் எவ்வாறு விண்ணில் கசிந்து மறைந்தன என்பதை அறிய இத்தகைய அளவுகள் துணைபுரிகின்றன. அம்மறைவில் சூரியக் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. 2015-இல் செவ்வாய் சூரியனுக்குப் பின்புறம் சென்றபோது, மங்கள்யானின் வானொலி அலைகள் சூரியனின் வெளிமண்டலத்தை ஊடுருவி வந்தன. அவ்வலைகளில் ஏற்பட்ட மாற்றங்களைக் கொண்டு அவ்வெளிமண்டலமும் ஆராயப்பட்டது. சாராபாய் தம் இளமையில் எழுப்பிய கேள்விகள் இவ்வாறு மீண்டும் ஆய்வுக்கு வந்தன.

ஆறு மாதங்களுக்கென வடிவமைக்கப்பட்ட கலம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் செவ்வாயைச் சுற்றியது. 2022-இல் அதனுடனான தொடர்பு அற்றது.

கணக்கும் கடமையும்

மங்கள்யானுக்கு ஏறத்தாழ 450 கோடி ரூபாய் செலவாயிற்று. வறுமை நீங்காத நாட்டில் இச்செலவு தகுமா என்று அப்போதும் கேட்டனர். அக்கேள்வி சாராபாய் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட கேள்வியேயாகும். முதலில் பந்தயத்திற்கென ஒரு கலத்தை அனுப்பியிருந்தால், அதற்கு நேர்மையான விடை கூறுவது அரிது. மீனவர்க்குப் புயல் எச்சரிக்கையும், உழவர்க்கு வானிலைச் செய்தியும், சிற்றூர்க்குத் தொலைத்தொடர்பும் கிட்டிய பின்னர், அவற்றுக்காகச் செய்த கருவிகளையும் பயின்ற கைகளையும் கொண்டே செவ்வாய்ப் பயணம் நிகழ்ந்தது. தேவைக்கு மேல் சேர்க்காதிருத்தலும், உள்ளதை முழுமையாகப் பயன்படுத்துதலும் அப்பயணத்தின் இயல்பாக அமைந்தன. அவர் விலக்கியது பந்தயத்தை; அறிவுத் தேட்டத்தை அவர் ஒருநாளும் விலக்கவில்லை.

சமண மரபு போற்றும் அநேகாந்தம், உண்மைக்குப் பல பக்கங்கள் உண்டு, ஒரே நோக்கில் அது முழுதும் அகப்படாது என்று அறிவுறுத்துகிறது. ஒரு கோளைக் கடந்து சென்று கண்டதையே முடிவெனக் கொண்டவர்கள் ஏமாந்ததும், சுற்றிவந்து ஐந்து கருவிகளால் ஐந்து விதமாக நோக்கியவர்கள் பலன் பெற்றதும் அவ்வறிவுரைக்கு ஒத்த நிகழ்ச்சிகளே.

சாராபாயின் மறைவுக்குப் பின் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. தும்பாவில் உள்ள விண்வெளி மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நிலவின் பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 இறங்குகலத்தின் பெயரும் விக்ரம் என்பதே.

அகமதாபாத்தில் அவர் நிறுவிய சமூக அறிவியல் மையம் இன்றும் அவர் பெயரில் இயங்கிவருகிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் சோதனைகளைத் தாமே செய்து பார்த்து அறிவியலைக் கற்கின்றனர். அணுசக்திக்கும் விண்வெளிக்கும் தலைமையேற்றிருந்த காலத்திலும் அவர் மிகுந்த அக்கறை காட்டிய பணிகளுள் அதுவும் ஒன்று. செல்வத்தையும் கல்வியையும் ஒருங்கே பெற்ற ஒரு சமணக் குடும்பத்துப் பிள்ளை அவ்விரண்டையும் எவ்வாறு செலவிட்டார் என்பதை, வீட்டுப் பெரியோர் இளையோர்க்குச் சொல்லித் தருவதே அவர் நினைவுக்குச் செய்யும் சிறந்த மரியாதையாகும்.